பழைய கேம் ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

காட்பாடி காந்தி நகரில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி, பொங்கல் விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுப் பரணில் கிடந்த சிடி பையோடு கடைக்கு வருவார்கள். "அண்ணா, சத்துவாச்சாரி பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்கா ஆடினது. என் பையனுக்குக் காட்டணும், ஓடவே மாட்டேங்குது" என்பார்கள். கேம் ஆளுக்கு ஆள் மாறும், கோளாறு மட்டும் அதே பத்துக்குள்தான் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஒரு ரூபாய் செலவில்லாமல் தீருபவை. ஆனால் பலர் புது ரேம், புது கிராபிக்ஸ் கார்டு என்று வாங்கிப் போட்டுவிட்டு, அதற்கப்புறமும் ஓடாமல்தான் என்னிடம் வருகிறார்கள். பார்க்கவே மனசு கேட்காது. ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத வழியை முதலிலும் செலவு வைப்பதைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். அந்த வரிசையிலேயே போங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான்கு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

எதையும் தொடும் முன்

சிடியை முதலில் நகல் எடுங்கள். இருபது வருஷச் சிடி அது, நாளைக்கும் படிக்கும் என்று சொல்ல முடியாது. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். பற்பசை போட்டுத் தேய்க்கவே வேண்டாம். அப்புறம் இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளில் சிடியை இமேஜ் ஃபைலாக (முழுச் சிடியின் நகலாக) எடுத்து வையுங்கள். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் ஒன்றை நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாங்க வேண்டியதில்லை, ஒருநாள் வேலைதான்.

அடுத்து, கேம் எந்தக் காலத்தது என்று பாருங்கள். சிடியின் மேலோ பெட்டியிலோ வருஷம் இருக்கும். டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா போன்றவை விண்டோஸ் 95-க்கு முந்தைய டாஸ் காலத்தவை. 1997-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விண்டோஸ் 95 காலத்தது. 2003-இல் கணினிக்கு வந்த வைஸ் சிட்டி, 2005-இல் வந்த சான் ஆண்ட்ரியாஸ், மோஸ்ட் வான்டட் ஆகியவை எக்ஸ்பி காலத்தவை. காலம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அறிகுறி: "இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது" என்று பெட்டி வருகிறது

பிட் எண்ணை மென்பொருளின் தலைமுறை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: 16 மிகப் பழையது, 32 அடுத்தது, 64 இன்றையது. இன்றைய விண்டோஸ் 64 பிட். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் ஃபைலைத் தொடவே தொடாது. கேம் ஃபைலின் ப்ராபர்ட்டீஸில் உள்ள கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் எதை டிக் அடித்தாலும் இது மாறாது, அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

கேமே டாஸ் கேம் என்றால்: விண்டோஸுக்குள்ளேயே பழைய டாஸ் கணினி போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் போடுங்கள், இலவசம். சி டிரைவில் கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, கேமை அதற்குள் வையுங்கள். டாஸ்பாக்ஸைத் திறந்து 'மவுண்ட்' கட்டளையால் அந்த ஃபோல்டரை சி என்று இணைத்து, சி-க்கு மாறி, கேமின் பெயரை அடித்தால் ஓடும். ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால் முழுத்திரை. மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல் எஃப்10. சிடி கேட்கும் டாஸ் கேம் என்றால் 'இம்ஜ்மவுண்ட்' கட்டளையால் நீங்கள் எடுத்த இமேஜை டி என்று இணையுங்கள். பள்ளி லேபில் டேவ் ஆடியவர்கள் எல்லோருக்கும் இவ்வளவு போதும்.

கேம் விண்டோஸ் கேம், இன்ஸ்டாலர் மட்டும் ஓடவில்லை என்றால்: 1990-களின் பின்பாதியில் இது ரொம்ப சாதாரணம். கேம் 32 பிட்டாக இருக்கும், அதை நிறுவும் செட்டப் ஃபைல் 16 பிட்டாக இருக்கும். சில வகை இன்ஸ்டாலர்களுக்கு விண்டோஸே மாற்று வைத்திருக்கிறது, அவை தானாக ஓடிவிடும். மற்றவற்றுக்கு முதலில் சிடிக்குள் போய்ப் பாருங்கள். கேமின் ஃபைல்கள் பிரிந்தே கிடந்தால் முழு ஃபோல்டரையும் ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, உள்ளே இருக்கும் கேம் ஃபைலை நேராகத் திறந்து பாருங்கள். பல நேரம் அதுவே ஓடும். ஃபைல்கள் கேப் என்ற பொட்டலத்துக்குள் இருந்தால் விண்ஈவிடிஎம் என்ற இலவசக் கருவி 64 பிட் விண்டோஸில் 16 பிட் செட்டப்பை ஓட்டித் தரும். அதுவும் கேட்கவில்லை என்றால் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பி போட்டு, அங்கே இன்ஸ்டால் செய்து, நிறுவிய ஃபோல்டரை வெளியே எடுங்கள்.

அறிகுறி: இன்ஸ்டால் செய்யும்போது "இடம் போதவில்லை" என்கிறது

டிஸ்கில் 400 ஜிபி காலியாக இருக்கும், கேம் கேட்பது 300 எம்பி. புது ஹார்ட் டிஸ்க் வாங்க ஓடாதீர்கள். 2 ஜிபிக்கு மேல் இடம் இருக்கும் என்றே எழுதியவர்கள் நினைக்காத காலத்து இன்ஸ்டாலர் அது. எண் நிரம்பி வழிந்து மைனஸாகிவிடுகிறது. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் 1 ஜிபிக்கு ஒரு விஎச்டி (தனி டிரைவ் போலத் தெரியும் ஃபைல்) உருவாக்கி, ஃபார்மட் செய்து, அந்த டிரைவில் இன்ஸ்டால் செய்யுங்கள். கணினியை மூடித் திறந்தால் அந்த விஎச்டி ஃபைலை மறுபடி இரண்டு முறை கிளிக் செய்து இணைக்க வேண்டும். ஆணியில் தொங்கும் பழைய 2 ஜிபி பென் டிரைவ் இருந்தாலும் சரி, அதிலேயே போட்டுவிடலாம்.

அறிகுறி: சிடி உள்ளேதான் இருக்கிறது, "சிடியைப் போடுங்கள்" என்கிறது, அல்லது கிளிக் செய்தால் எதுவுமே நடக்கவில்லை

அதிகமாக வருவதும், அதிகம் ஏமாற வைப்பதும் இதுதான்.

முதலில் டிரைவ் எழுத்தைப் பாருங்கள். அன்று டி-யில் இருந்த சிடி டிரைவ் இன்று எஃப்-இல் இருக்கலாம். இன்ஸ்டால் செய்தபோது இருந்த எழுத்தையே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் திரும்பக் கொடுங்கள்.

அடுத்து சிடிக்குள் செக்டிஆர்வி.சிஸ் என்று ஒரு ஃபைல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது சேஃப்டிஸ்க் பூட்டுப் போட்ட சிடி. அந்தப் பூட்டைத் திறக்கும் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவே இல்லை. விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் 2015 செப்டம்பர் அப்டேட்டில் அணைத்துவிட்டது. உங்கள் சிடியும் நல்லது, டிரைவும் நல்லது, ஆனாலும் கேம் திறக்காது. இந்தச் சிடிகளை நகல் எடுக்கும்போது ஒரு இடத்தில் வரிசையாகப் பிழை வரும். அது கீறல் அல்ல, வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. இதைத் தெரியாமல் டிரைவ் கெட்டுவிட்டது என்று மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இதற்கு வழிகள்: கேம் வெளியிட்ட நிறுவனத்தின் கடைசிப் பேட்ச்சை (திருத்த ஃபைலை) பாருங்கள். சில கேம்களில் அவர்களே சிடி சோதனையை எடுத்துவிட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் ஜிஓஜி போன்ற இணையக் கடையில் அதே கேம் சிடி பூட்டு இல்லாமல், இன்றைய விண்டோஸுக்குத் தயார் செய்யப்பட்டு விற்கிறதா என்று பாருங்கள். தள்ளுபடி நாட்களில் ஒரு பிரியாணி விலைக்குள் வந்துவிடும். மூன்றாவது வழி, வீட்டில் பழைய எக்ஸ்பி கணினி இருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு அதிலேயே ஆடுவது. 'சிடி தேவையில்லாத' கேம் ஃபைல் என்று கண்ட தளத்தில் கிடைப்பதை மட்டும் போடாதீர்கள். காலேஜ் தம்பி ஒருவர் அப்படிப் போட்டு, ப்ராஜெக்ட் ஃபைல்கள் எல்லாம் பூட்டிப்போய் லேப்டாப்போடு வந்து நின்றார். அந்த ஃபைல்களை என்னால் மீட்டுத் தர முடியவில்லை. இன்றைக்கும் அது என் மனசில் உறுத்துகிறது.

அறிகுறி: ஏதோ ஒரு டிஎல்எல் (கேமுக்கு வேண்டிய துணை ஃபைல்) இல்லை என்கிறது

பெயர் டி3டிஎக்ஸ்9 என்றோ எக்ஸ்இன்புட் என்றோ தொடங்கினால், தேவை டைரக்ட்எக்ஸின் (கேம்களுக்குப் படமும் சத்தமும் தரும் விண்டோஸ் பகுதி) பழைய துணை ஃபைல்கள். விண்டோஸ் 11-இல் டைரக்ட்எக்ஸ் 12 இருந்தாலும் இவை அதோடு வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'டைரக்ட்எக்ஸ் ஜூன் 2010' என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. இதில் ஒரு பிசகு எல்லோருக்கும் நடக்கும். அந்தத் தொகுப்பை ஓட்டினால் அது இன்ஸ்டால் ஆகாது, எந்த ஃபோல்டரில் பிரித்து வைக்க என்று கேட்கும், அவ்வளவுதான். பிரித்த ஃபோல்டருக்குள் போய் டிஎக்ஸ்செட்டப் என்ற ஃபைலை ஓட்டினால்தான் வேலை முடியும். "போட்டுட்டேன், அதே பிழைதான் வருது" என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் படியைச் செய்திருக்க மாட்டார்கள்.

பழைய கேம்கள் பயன்படுத்திய டைரக்ட்ப்ளே என்ற பகுதி வேண்டும் என்று விண்டோஸே கேட்டால் சம்மதியுங்கள். கேட்காவிட்டால் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் லெகசி காம்பொனென்ட்ஸ் கீழே அது இருக்கும். ஒற்றை டிஎல்எல்லை மட்டும் தனியாகத் தரும் தளங்களின் பக்கம் போகவே போகாதீர்கள்.

அறிகுறி: நிறம் கெட்டுப்போகிறது, திரை கறுப்பாகிறது, படம் பாதிதான் தெரிகிறது

நிறம் மட்டும் கெட்டால்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் புல்லும் தண்ணீரும் ஊதா, சிவப்பு என்று தெரிந்தால் அது 256 நிறக் கேம். கேம் ஃபைல் மேல் வலது கிளிக், ப்ராபர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி என்று போய் குறைந்த நிறம் என்பதில் 8 பிட்டைத் தேர்ந்தெடுங்கள். அதில் தீரவில்லை என்றால் சிஎன்சி-டிடிரா என்ற சின்ன இலவசக் கருவியின் ஃபைல்களைக் கேம் ஃபோல்டரில் போடுங்கள். எனக்கு இதுவரை அதிகம் கைகொடுத்தது இதுதான்.

திரை கறுப்பாகி நின்றால்: முதல் வீடியோ ஓட முடியாமல் நிற்கிறதா என்று பாருங்கள். எஸ்கேப் அழுத்தித் தாண்ட முடிந்தால் அதேதான். வீடியோ ஃபைலின் பெயரை மாற்றி வைத்தால் பல கேம்கள் அதைத் தாண்டிப் போய்விடும். வீடியோவே இல்லாமல் கறுப்பு என்றால் டிஜிவூடூ 2. டைரக்ட்எக்ஸ் 1 முதல் 9 வரை பேசும் கேமை இன்றைய கார்டுக்குப் புரியவைக்கும் கருவி இது. 3டிஎஃப்எக்ஸ் என்ற பழைய கிராபிக்ஸ் கார்டுக்காக எழுதிய கிளைட் கேம்களுக்கும் உதவும். இங்கேயும் ஒரு பிசகு: விண்டோஸ் 64 பிட்தானே என்று எக்ஸ்64 ஃபோல்டரிலிருந்து டிஎல்எல்லை எடுக்கிறார்கள். கேம் 32 பிட். எக்ஸ்86 ஃபோல்டரிலிருந்துதான் எடுக்க வேண்டும். போட்டதும் திரை மூலையில் அதன் முத்திரை தெரிந்தால் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அமைப்புப் பலகையில் வாட்டர்மார்க் டிக்கை எடுத்தால் முத்திரை போய்விடும்.

படம் மூலையில் மட்டும் தெரிந்தாலோ, மவுஸ் ஒரு இடத்தில் இருக்க கிளிக் வேறு இடத்தில் விழுந்தாலோ: லேப்டாப் திரையின் 125, 150 சதவீத ஸ்கேலிங்தான் காரணம். அதே கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் ஹை டிபிஐ அமைப்பைத் திறந்து, ஸ்கேலிங்கை அப்ளிகேஷனே பார்த்துக்கொள்ளட்டும் என்று வையுங்கள்.

குவேக் 3 என்ற கேமின் என்ஜினை (அடிப்படை மென்பொருளை) வைத்துச் செய்த கேம் திறந்த கணமே மூடிக்கொண்டால், இன்றைய கார்டு சொல்லும் வசதிப் பட்டியல் அந்தக் கேம் ஒதுக்கிய இடத்தை விட நீளம் என்று அர்த்தம். என்விடியா கன்ட்ரோல் பேனலில் எக்ஸ்டென்ஷன் லிமிட் என்பது இருந்தால் அதை ஆன் செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் கார்டைச் சந்தேகிக்க வேண்டும். மற்ற புது கேம்களிலும், டெஸ்க்டாப்பிலும் கோடு கோடாக வந்தால் கார்டில்தான் கோளாறு. அப்போது கடைக்குக் கொண்டு போங்கள்.

அறிகுறி: கண்மூடித் திறப்பதற்குள் ஓடுகிறது, அல்லது தட்டுத்தடுமாறுகிறது

டாஸ்பாக்ஸில் என்றால் கன்ட்ரோல் எஃப்11 வேகத்தைக் குறைக்கும், எஃப்12 கூட்டும். விண்டோஸ் கேமில் முதலில் கேமின் உள்ளேயே ஃப்ரேம் லிமிட்டர் (வினாடிக்கு எத்தனை படம் வரையலாம் என்ற வரம்பு) இருக்கிறதா என்று பாருங்கள். சான் ஆண்ட்ரியாஸில் அதை ஆன் செய்தே வையுங்கள். ஆஃப் செய்தால் நீந்துவது மந்தமாகும், வண்டிகளின் நடத்தையும் மாறும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60-க்கு இறக்கிப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் ரிவாடியூனர் கருவியில் ஃப்ரேமுக்கு வரம்பு வையுங்கள்.

தடுமாறினால் டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கம், கேமின் மேல் வலது கிளிக், செட் அஃபினிட்டி, அங்கே பிராசஸரின் ஒரே ஒரு கோரை மட்டும் டிக்கில் விடுங்கள். ஒற்றைக் கோர் காலத்தில் எழுதிய கேம்கள் இதில் அமைதியாகிவிடும்.

அறிகுறி: மவுஸ் வேலை செய்யவில்லை

சான் ஆண்ட்ரியாஸ் என்றால் டாக்குமென்ட்ஸில் 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் யூசர் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் ஜிடிஏ_எஸ்ஏ.செட் என்ற ஃபைலை அழியுங்கள். அழிப்பது அமைப்பை மட்டும்தான், சேவ் ஃபைல் பத்திரமாக இருக்கும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் சைலன்ட்பேட்ச் என்ற திருத்த ஃபைலைப் போடுங்கள். வைஸ் சிட்டிக்கும் அது இருக்கிறது.

அறிகுறி: சத்தம் வருகிறது, பாட்டு வரவில்லை

அந்தக் காலத்துப் பல கேம்கள் பாட்டைச் சிடியில் ஆடியோ டிராக்காகவே வைத்திருந்தன. ஃபோல்டரை மட்டும் நகல் எடுத்தாலோ ஐஎஸ்ஓ-வாக எடுத்தாலோ பாட்டு வராது, பின், கியூ என்று இரண்டு ஃபைல்களாக வரும் பின்–கியூ வடிவத்தில் எடுக்க வேண்டும். டாஸ்பாக்ஸ் அந்தக் கியூ ஃபைலை அப்படியே ஏற்கும். டாஸ் கேமில் சத்தமே இல்லையென்றால் கேமின் செட்டப்பைத் திறந்து சவுண்ட் பிளாஸ்டர், போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள்.

அறிகுறி: நேற்று சேவ் செய்தது இன்று காணவில்லை

கேமை ப்ரோகிராம் ஃபைல்ஸில் போட்டிருப்பீர்கள். அங்கே எழுத விண்டோஸ் விடாது, சேவ் ஃபைலைச் சத்தமில்லாமல் உங்கள் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் போட்டு வைக்கும். அழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. சி டிரைவில் கேம்ஸ் ஃபோல்டர் போட்டு அதில் இன்ஸ்டால் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை. டாக்குமென்ட்ஸில் சேவ் செய்யும் கேம் என்றால் அந்த ஃபோல்டர் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்கு நகர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். தம்பி துபாயில் இருக்கிறாராம். அவர் பழைய கணினியில் பாதியில் விட்ட வைஸ் சிட்டி ஆட்டத்தைப் புது லேப்டாப்பில் போட்டு வைத்து, ஊருக்கு வரும்போது தரவேண்டும் என்றார். கணினியின் மதர்போர்டு செத்திருந்தது, ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருந்தது. ஒரு சின்ன யூசர் ஃபைல்ஸ் ஃபோல்டர், சில நூறு கேபிதான். அதை எடுத்துப் புதியதில் வைத்துத் திறந்தபோது பட்டியலில் தேதியோடு ஆட்டம் வந்து நின்றது. அந்த அக்கா போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். பழைய கணினியை எடைக்குப் போடும் முன் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையும் கேம் ஃபோல்டரையும் கட்டாயம் நகல் எடுங்கள்.

அறிகுறி: பத்து நிமிஷம் ஓடி அப்படியே அணைந்துவிடுகிறது

வேலூர் வெயிலில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பழைய கேம் லேசானதுதானே, ஏன் சூடாகிறது என்று கேட்பார்கள். வரம்பு இல்லாத கேம் மெனுவில் நிற்கும்போதே வினாடிக்கு ஆயிரக்கணக்கான ஃப்ரேம் வரைந்து கார்டை முழு வேகத்தில் ஓட்டும். கத்திரி வெயிலில் அறையே 38, 40 டிகிரி இருந்தால் லேப்டாப் தாங்காது. ஃப்ரேமுக்கு வரம்பு வையுங்கள், அப்புறம் லேப்டாப்பை மெத்தையிலிருந்து மேசைக்கு மாற்றுங்கள். சூட்டை அளந்து காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வெப்பம் 95 டிகிரியைத் தொட்டு, உடனே கேம் அணைகிறது என்றால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. லேப்டாப்பைத் திறந்து பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தாங்களே செய்ய வேண்டாம், கடையில் கொடுங்கள்.

எப்போது கடைக்கு வர வேண்டும்

பழைய கணினியையே ஓட்ட நினைத்தால்: தேதி ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போனால் மதர்போர்டில் உள்ள வட்டமான 2032 பேட்டரியை நீங்களே மாற்றலாம். ஆனால் மதர்போர்டில் உருளை உருளையாக இருக்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, ஒழுகியிருந்தாலோ மின்சாரமே கொடுக்காதீர்கள். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும். ஹார்ட் டிஸ்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம் என்று போடுவதுதான் ஃபைல்களைக் கொல்கிறது.

வரும்போது சிடியை மட்டும் கொண்டு வராதீர்கள். சீரியல் எண் ஒட்டிய கவரும், திரையில் வந்த பிழையின் போட்டோவும் வேண்டும். கவர் தொலைந்திருந்தால் பழைய ஹார்ட் டிஸ்கையும் எடுத்து வாருங்கள். பல கேம்களின் சீரியல் எண் அதில் உள்ள விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் இன்னும் இருக்கும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.